ஆழம் போதாது

ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அவர் அதை உடனே பிரிக்க மாட்டார். இடது உள்ளங்கையில் வைத்துச் சற்றே ஏற்றி இறக்குவார், பூசணிக் கீற்றை எடை பார்ப்பதுபோல. பிறகு ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை சர்ரென்று ஓட்டுவார். தாள்களிலிருந்து எழும் காற்று முகத்தில் படும்போது கண்களை மூடிக்கொள்வார். திறந்ததும் சொல்வார்:

"ஆழம் போதாதும்மா."

ஆணாக இருந்தால் "ஆழம் போதாதுப்பா". எந்தப் பக்கத்தில், எந்த வாதத்தில் என்று துணிந்து கேட்டவர்களுக்கு, "அதை நான் சொல்லிட்டா அது என் ஆராய்ச்சி ஆயிடும். நீதானே கண்டுபிடிக்கணும்?" என்று பதில் கிடைக்கும். மெய்யியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்தவர்களுக்கு நெறியாளராக இருந்து அவர் தந்த நெறி இவ்வளவுதான். பல ஆண்டுகள் அவர் எனக்கு எதிர்வீடு. அவர் ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து நான் பார்த்ததில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் யார் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அவர்தான் வீட்டுக்குரியவர். எங்கள் பிளாக்கில் எங்கள் இரண்டு வீடுகளும் மனைவிமார் பெயரில் இருந்தன. இருவரும் சுரங்க நிறுவனத்தில் பர்மனென்ட். ஒரே அலுவலகம். அவர் சற்றுத் தள்ளி ஓர் ஊரிலிருந்த கல்லூரியில் மெய்யியல் பேராசிரியர். நான் ஒரு நாளிதழின் பகுதி நிருபர். மனைவி வீட்டில் குடியிருக்கும் ஆண்கள் என்பதால் அவருக்கு என்மேல் ஒரு கூட்டாளி உணர்வு.

"நாம ரெண்டு பேரும் எழுத்தை நம்பிப் பொழைக்கிறவங்க சார்" என்பார்.

நான் எழுதிப் பிழைத்தேன். அவர் எழுதிப் பார்த்ததில்லை. சட்டைப்பையில் சிவப்பு மை பேனா ஒன்று எப்போதும் செருகியிருக்கும். அது தீர்ந்துபோய் வேறு வாங்கினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

ஆளைப் பார்த்தால் மரியாதை வரும். நல்ல உயரம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். பிளாக்கில் யாராவது ஓய்வுபெற்றால் பாராட்டு விழாவில் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். நிலையாமை பற்றிப் பேசுவார். ஓய்வுபெறுபவரின் வேலை என்ன, அவர் எந்தச் சுரங்கத்தில் இருந்தார் என்று ஒரு சொல் வராது. போர்மேனுக்கும் குமாஸ்தாவுக்கும் அதே நிலையாமைதான். ஒருமுறை ஓய்வுபெற்றவரின் பெயருக்குப் பதில் அவருக்கு முந்தைய மாதம் ஓய்வுபெற்றவரின் பெயரைச் சொல்லி வாழ்த்தி முடித்தார். கூட்டம் கைதட்டியது. அழைப்பிதழ் அவர் மடியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். ஆய்வு மாணவர்கள். 'சார்' என்று கூப்பிடக் கூடாது, 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருவர் காரைக் கழுவுவார். இன்னொருவர் கேஸ் சிலிண்டரை உள்ளே உருட்டுவார். காடாம்புலியூர்க்காரர் ஒருவர் பருவம் வந்தால் பலாப்பழத்தை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து, கையில் எண்ணெய் தடவி, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சுளை எடுப்பார். இவற்றுக்கு நடுவில் யாராவது ஓர் அத்தியாயத்தை நீட்டுவார்கள். உள்ளங்கை, கட்டைவிரல், காற்று, ஆழம்.

அவர் மனைவி ஈரோட்டுப் பக்கம். அலுவலகத்தில் கறாரானவர் என்று என் மனைவி சொல்வாள். வீட்டில் அதிகம் பேச மாட்டார். கூடத்திலிருந்து "ஆழம் போதாது" என்று கேட்டால் சமையலறையிலிருந்து, "காபிக்குச் சக்கரை போதுமாங்க? அதையாச்சும் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு குரல் வரும். மாணவர்கள் தரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பேராசிரியருக்கு அது காபி பற்றிய கேள்வியாகவே போய்ச் சேரும்.

ஒருமுறை எங்கள் பத்திரிகையின் மாவட்டச் சிறப்பிதழுக்காக அவரிடம் ஒரு கட்டுரை கேட்டேன். வெறுமை என்ற கருத்து பற்றி எழுதித் தருகிறேன் என்றார். பல வாரம் இழுத்து, ஒரு நாள் தட்டச்சுப் பிரதி வந்தது. அச்சில் பக்கம் அமைத்தவர் கவனப்பிசகாக அவர் கட்டுரையின் கடைசி இரண்டு பத்திகளைத் தூக்கிவிட்டு, பக்கத்திலிருந்த முந்திரிப் பூச்சி பற்றிய வேளாண் குறிப்பின் மிச்சத்தை அங்கே ஒட்டிவிட்டார். 'வெறுமை என்பது இன்மை ஆகாது, அது' என்று நின்ற வாக்கியம் அடுத்த பத்தியில், 'பூ விடும் பருவத்தில் காலை வேளையில் தெளிப்பது நலம்' என்று முடிந்தது. காலையில் பேப்பரைப் பார்த்ததும், அவர் எதிர்வீட்டிலிருந்து எப்போது வெடிப்பார் என்று காத்திருந்தேன்.

வந்தார். கையில் பேப்பர். முகமெல்லாம் சிரிப்பு.

"அருமையா வந்திருக்கு சார். ஒரு வார்த்தைகூட நீங்க மாத்தல. நல்ல பத்திரிகைக்கு அதுதான் அடையாளம்."

மறுநாள் காடாம்புலியூர் மாணவர் தயங்கித் தயங்கி என் வீட்டுக்கு வந்தார். கட்டுரையை எழுதியவர் அவர்தான் என்று அப்போது தெரிந்தது.

"சார், கடைசி ரெண்டு பத்தி நான் எழுதல சார்."

"தெரியும்ப்பா. தப்பு நடந்துபோச்சு. திருத்தம் போடச் சொல்லட்டுமா?"

"ஐயய்யோ, வேணாங்க சார். ஐயா அத ஜெராக்ஸ் எடுத்து எல்லார்க்கும் குடுத்துகினு இருக்காரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணு சார். அதுல போட்டிருக்கிற மருந்து சரியான மருந்துதான். எங்க தோப்புக்கு அதான் அடிக்கிறோம்."

வேலையைத் தள்ளிப்போடும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு உள்ளூர ஓர் உறுத்தல் இருக்கும். மாணவரைத் தெருவில் கண்டால் சந்தில் திரும்பிவிடுவார்கள். இவர் திரும்ப மாட்டார். நேராக வந்து, தோளில் கை போட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை பாத்துடறேன்" என்பார். வெள்ளிக்கிழமை வரும். "வர்ற வெள்ளிக்கிழமை" என்பார். அந்தக் குரலில் இருக்கும் கனிவு நிஜமானது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. தான் கொடுத்த சொல் பொய் என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் சிரமத்தைக்கூட அவர் எடுத்துக்கொண்டதில்லை.

ஆய்வைப் பாதியில் விட்டுப் போன ஒருவன் பஜாரில் செல்போன் கடை வைத்தான். பேராசிரியர் அங்கேதான் தன் போனுக்கு உறை வாங்குவார். "நல்ல பையன். ஆழம்தான் வரல" என்று அவன் எதிரிலேயே என்னிடம் சொன்னார். அவன் உறையைத் துடைத்துக் கொடுத்தான்.

வளர்மதி அந்த நாட்களில்தான் அவரிடம் சேர்ந்தாள். பக்கத்திலிருக்கும் வடக்குத்து ஊர்ப் பெண். மெய்யியலில் முதுகலை படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்திருந்தாள். கணவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. செகண்ட் ஷிப்ட் போகும் வழியில் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். பேராசிரியர் வீடு பூட்டியிருந்தால் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள், வாக்குறுதி. ஒருவர் கொடுத்த சொல் அவரை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்பது கேள்வி. இது எப்படித் தோன்றியது என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வூட்ல எப்பப் பாத்தாலும் யாராச்சும் சொன்ன வார்த்தைய நம்பிகினுதாங்க சார் உக்காந்திருப்பாங்க. மேஸ்திரி சொன்னாரு, மாப்ள வூட்டுக்காரங்க சொன்னாங்க, தலைவர் சொன்னாருன்னு. சரி, இந்தச் சொல்லுல அப்படி என்னதான் இருக்குன்னு பாப்பமேன்னு."

"ஐயா என்ன சொல்றார்?"

"வெள்ளிக்கிழமை பாக்கறேன்னு சொல்லியிருக்காரு." பிறகு என் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "என்னோட தலைப்புக்கு எடுத்துக்காட்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லக்கா."

அவள் சிரித்துக்கொண்டே இருந்த காலம் அது. ஆய்வுப் பதிவுக்கு ஒரு கால எல்லை உண்டு. அது முடிந்து, ஒருமுறை நீட்டிப்பும் வாங்கியாயிற்று. இரண்டாம் முறை கிடையாது. அந்த ஜூன் மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. செய்த வேலை அத்தனையும் வெறும் காகிதம். வீட்டிலும் அதுதான் கெடு. பண்ருட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில், ஆய்வேடு சமர்ப்பித்த சான்று இருந்தால் வரும் கல்வியாண்டில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆய்வேடு முழுவதும் தயாராக இருந்தது. தேவைப்பட்டது நெறியாளரின் கையெழுத்து ஒன்று. கையெழுத்துப் போட அவர் படிக்க வேண்டும். படிக்காமலே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். படிக்காமல் போடுவது அறமாகாது என்பார். மனசாட்சி உள்ளவர்.

ஒருநாள் அவள் கணவன் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், நீங்க பேப்பர்காரரு. ஒண்ணு கேக்கறேன். எங்க மைன்ஸ்ல மண்ண வாரிகினே போவாங்க. கரி தெரிஞ்சிச்சின்னா மண்ணு வார்றத நிறுத்திடுவாங்க. இவரு எது தெரிஞ்சா நிறுத்துவாரு?"

"சும்மா இருங்க" என்றாள் வளர்மதி. "ஐயா காதுல வுழுந்துடப் போவுது."

"வுழட்டுமே. அங்கியும் ஆழமா வுழாது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினாள். அன்று நடந்ததை நான் என் வாசலில் நின்று பார்த்தேன். பலாப்பழக் காலம். காடாம்புலியூர்க்காரர் கூடத்தில் உட்கார்ந்து பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார். கீழே விரிக்கப் பேப்பர் கேட்டபோது வீட்டம்மா, அன்றைய பேப்பரைத் தான் இன்னும் படிக்கவில்லை, தர முடியாது என்று சொல்லிவிட்டாராம். பேராசிரியர் அலமாரியில் கைவிட்டு எடுத்த தாள்களைப் பரப்பிக் கொடுத்திருந்தார். வளர்மதி உள்ளே போனவள் நின்றுவிட்டாள். பிறகு குனிந்து, பலாச் சடைநாருக்கும் கொட்டைக்கும் நடுவிலிருந்து ஒரு தாளை உரித்தெடுத்தாள். பலாப்பால் ஒட்டி, பாதி எழுத்து மறுபக்கத்தோடு வந்தது.

"ஐயா, இது என்னோட நாலாவது அத்தியாயங்க."

"பழைய பிரதிதானேம்மா?"

"இல்லீங்கய்யா. போன வெள்ளிக்கிழமை குடுத்தது."

அவர் சுளையைக் கடித்தபடியே அந்தத் தாளை ஒருமுறை பார்த்தார்.

"அப்படியா? ஆழம் போதாதுன்னு எடுத்து வெச்சிருப்பேன். உக்காரு, சுளை சாப்பிடு. நல்ல தேன்பலா."

அவள் உட்காரவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். காடாம்புலியூர் மாணவர் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, "இத்தத் தடவினா பிசின் வந்துடும்" என்றார். வளர்மதியின் கணினியில் அத்தியாயம் பத்திரமாகத்தான் இருந்தது. அச்செடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அவள் பொறுக்கினாள்.

அவருடைய மாணவர்கள் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஓர் இடத்திலாவது அவருடைய சொந்த முனைவர் பட்ட ஆய்வேட்டை மேற்கோள் காட்ட வேண்டும். "மேற்கோள்ல நம்ம மரபு தெரியணும்" என்பார். வாய்மை பற்றி அவர் இளவயதில் சமர்ப்பித்த ஆய்வேடு அது. அதை எழுதியது யார் என்பதில் கல்லூரி ஆசிரியர் அறையில் இருவேறு கருத்துகள் உண்டு என்று கேள்வி. நான் அதற்குள் போகவில்லை. மற்ற மாணவர்கள் முன்னோர் எடுத்த மேற்கோளையே எடுத்துப் போடுவார்கள். வளர்மதி பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் அந்த ஆய்வேட்டை எடுத்து உட்கார்ந்து படித்தாள். திரும்பி வந்து எங்கள் படியில் உட்கார்ந்து சொன்னாள்:

"நல்லா இருக்குதுங்க சார். மெய்யாலுமே நல்லா இருக்குது. மூணாவது அத்தியாயம்லாம் எனக்கே பொறாமையா இருக்குது. இப்படி எழுதின மனுசன் எங்க போனாருன்னே தெரியல."

மே மாதத்தில் ஆய்வு முன்வைப்புக் கூட்டம் வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மாணவர் தன் முடிவுகளைக் குழுவின் முன் எடுத்துச் சொல்ல வேண்டும். குழு என்பது நெறியாளர், கல்லூரியின் இரு பேராசிரியர்கள், வெளியிலிருந்து ஒருவர். இதன் முடிவில் நெறியாளர் கையெழுத்திட்டால் சமர்ப்பிக்கலாம். இடாவிட்டால் ஜூன் கடந்துவிடும். இந்தக் கூட்டத்துக்கு அவர் என்னையும் கூப்பிட்டிருந்தார். "போட்டோவோட சின்னதா ஒரு செய்தி போடுங்க சார். துறைக்கு நல்லது."

வெளியிலிருந்து வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர். குட்டையான உருவம், தலை நிறைய நரை. அவர் முன்னால் வளர்மதியின் அத்தியாயங்கள் இருந்தன. ஓரங்களில் பென்சில் குறிப்புகள். ஒவ்வொரு பக்கத்திலும். வளர்மதி அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு பேசத் தொடங்கினாள்.

பேராசிரியர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். திரையில் வளர்மதி ஒரு பத்தியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். வாக்கைக் காப்பாற்ற அதைக் கொடுத்தோம் என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை. வேறு காரணம் தேடத் தொடங்கும்போதே ஒருவர் அதை முறிக்கத் தொடங்கிவிட்டார் என்பது அதன் சாரம். கீழே சின்ன எழுத்தில் மூலம் குறிக்கப்பட்டிருந்தது.

"இதப் பத்தி நெறியாளர் என்ன நினைக்காரு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அவர் நிமிர்ந்தார். "ஆழம் போதாது மேடம்."

"எதுல?"

வழக்கமான பதிலைச் சொல்ல முடியாத இடம். கேட்டது மாணவர் இல்லை. அவர் திரையைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ அதைக் காட்டினார்.

"இதோ, இதுலதான். சின்னப்புள்ளத்தனமா இருக்கு. சூழ்நிலை மாறினா வாக்கும் மாறத்தான் செய்யும். இது யாரு சொன்னதும்மா? கண்டதையெல்லாம் எடுத்துப் போடக் கூடாது. எடுத்துடு இதை."

எடுத்துவிடுகிறேன் ஐயா என்று சொன்னால் முடிந்தது. ஒருவேளை அந்தப் பணிவுக்கே கையெழுத்து கிடைத்திருக்கலாம். வளர்மதி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லும்மா. யாரு அந்த ஆளு?"

"நீங்கதாங்கய்யா."

வளர்மதி திரையின் அடியைச் சுட்டினாள்.

"உங்க ஆய்வேடு. மூணாவது அத்தியாயம். கீழ போட்டிருக்குங்கய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு திரையின் அடியைப் படித்தார். நான் அறிந்து அவர் ஒரு வரியை முழுதாகப் படித்தது அப்போதுதான். பிறகு சிரித்தார். வெட்கம் கலக்காத, வாய் நிறைந்த சிரிப்பு.

"அப்ப எனக்கு முப்பது வயசு மேடம். அதுக்கப்புறம் நான் ரொம்ப ஆழமாப் போயிட்டேன்."

கல்லூரிக்காரர்கள் இருவரும் சிரித்தார்கள். நெல்லைக்கார அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து தன் முன்னிருந்த தாளில் எழுதத் தொடங்கினார்.

"நல்லதுய்யா. அப்ப குழு அறிக்கையில அப்படியே எழுதிருவோம். நெறியாளர் தன்னோட முனைவர் பட்ட ஆய்வேட்டுக் கருத்து தப்புன்னு சொல்லுதாரு, மாணவி அது சரின்னு சொல்லுதா. ரெண்டுல எதுன்னு பல்கலைக்கழகம் பாத்துக்கிடட்டும்."

"எதுக்கு மேடம் அதெல்லாம்? சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா ஆய்வேட்டச் சமர்ப்பிக்கலாமா, கூடாதா?"

"தாராளமா."

"அப்ப கையெழுத்து?"

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு செல்லாது என்று, அங்கிருந்த கல்லூரி எழுத்தர் நீலப் பேனா ஒன்றை நீட்டினார். சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. அதில் ஆய்வேட்டை முழுமையாகப் பரிசீலித்ததாக ஒரு வாசகம் இருக்கும். அதையும் அவர் படிக்கவில்லை.

அன்று மாலையே பிளாக்கில் அவர் நடைப்பயிற்சியின்போது அந்தக் கதை கிளம்பிவிட்டது, ஆனால் வேறு உருவத்தில். "ஒரு சோதனை வெச்சேன் சார். என் கருத்தையே நான் மறுத்தா அந்தப் பொண்ணு எழுந்து நின்னு வாதாடுதான்னு பாத்தேன். வாதாடிட்டா. அந்த ஆழத்துக்காகத்தான் இத்தனை வருஷம் அவளை இழுத்தடிச்சேன்." சம்பவத்தை நேரில் பார்த்த என்னிடமே, என் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னார். செய்தியில் சேர்க்கவும் சொன்னார். கேட்டவர்களில் பலர், ஆசிரியர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த பாராட்டு விழாவில் இந்தச் சோதனை நிலையாமைக்கு முன்னால் இடம்பெற்றது.

வளர்மதி கெடுவுக்குள் சமர்ப்பித்துவிட்டாள். வாய்மொழித் தேர்வு சில மாதம் கழித்து இணையவழியில் நடந்தது. பட்டம் கிடைத்தது. பண்ருட்டிப் பக்கத்துக் கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. அவள் கணவன் அதற்குப் பின்னும் வண்டியில் எங்கள் தெரு வழியாகப் போவான். கையை மட்டும் தூக்கிக் காட்டுவான்.

பேராசிரியரின் மனைவி ஓய்வுபெற்றதும் அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். மகள் வீட்டுக்கு, கோயம்புத்தூருக்கு. சாமான் கட்டும் நாளில் உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்கப் போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மாணவர் எவரையும் காணவில்லை. அவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அவர் கையெழுத்து இனி யாருக்கும் தேவையில்லை. அவர் பெட்டி ஒன்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க சார். பாருங்க, என்கிட்ட பட்டம் வாங்கினவங்க எல்லாரும் தட்டு, பழம், வேட்டின்னு கொண்டாந்து வெச்சுக் கும்பிட்டுட்டுப் போனாங்க. அந்த வடக்குத்துப் பொண்ணு மட்டும் இந்த வாசப்படி மிதிக்கல. ஒரு போன் இல்ல. யாரு கைதூக்கி விட்டது அவளை?"

அவர் குனிந்து, பெட்டிக்குள் போகவிருந்த அடுக்கிலிருந்து ஒரு தடித்த கறுப்பு ஆய்வேட்டை உருவி என்னிடம் கொடுத்தார்.

"இதான் அவளோடது. வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுவேன். என் பேரு பாருங்க, தங்க எழுத்துல. பைண்டிங் எப்படி?"

நான் திறந்தேன். சான்றிதழ், உறுதிமொழி. அடுத்த பக்கம் நன்றியுரை. அவள் கணவனுக்கும், மாமியாருக்கும், பென்சிலால் குறிப்பெழுதிய திருநெல்வேலிப் பேராசிரியருக்கும், எதிர்வீட்டு வாசல்படிக்கும் நன்றி சொல்லியிருந்தாள். கடைசியில் இப்படி இருந்தது:

'என் நெறியாளர் ஐயா அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை நேரில் சொல்வதே முறை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டதாக அவர் சொல்லும் அன்றைக்கே அவர் வீடு தேடி வந்து, காலில் விழுந்து அதைச் சொல்வேன். இது என் வாக்கு.'

இருமுறை படித்தேன். தாளின் ஓரம் விரல்பட்டுக் கொஞ்சம் மங்கியிருந்தது. எனக்கு முன்னாலும் பலர் அந்தப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

"எப்படி சார்?"

"நல்லா எழுதியிருக்காங்க."

"எழுதாம? நான் பழக்கினதாச்சே. ஆனா நன்றின்னு ஒண்ணு இருக்கா பாருங்க அவளுக்கு."

அவர் மனைவி காபியோடு வந்து நின்றிருந்தார். என் கையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தார். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"வருவாளுங்க. நீங்க இதைப் படிச்ச அன்னைக்கு வருவா."

"இதுல என்ன புதுசா படிக்கறதுக்கு இருக்கு? எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதானே."

ஆய்வேட்டை என் கையிலிருந்து வாங்கி, பெட்டிக்குள் வைத்து, டேப்பை நீளமாக இழுத்து ஒட்டினார்.